வாசல்வரை வந்த வைத்தியம்

"உங்க தம்பி இப்ப எங்கே இருக்கார்? என்ன பண்றார்?"

தலைநகரில் நம்மவர் வீட்டுக் கல்யாணத்திலோ, காதுகுத்திலோ, நம் சங்கத்துப் பொங்கல் விழாவிலோ யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார். நானும் சளைக்காமல், "ஊரில் நிலபுலனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்" என்று பதில் சொல்லி வந்தேன். ஊரில் எங்களுக்கு நிலமும் இல்லை, தம்பியும் இல்லை. என் வீட்டுப் பின்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான்.

அந்தப் பொய்யை இந்தக் கட்டுரையோடு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். மனநோய்க்கான வைத்தியத்தைப் பெரிய ஆஸ்பத்திரியின் மதில் சுவருக்குள்ளிருந்து மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவருவோம் என்று நம் நாடு முடிவு செய்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் நான் அந்த ஏற்பாட்டின் பயனாளியாக, அதாவது நோயாளியின் அண்ணனாக, வரிசையில் நின்றிருக்கிறேன். அங்கே கண்டதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை என்று தோன்றுகிறது.

குணசீலத்தில் 48 நாள்

1994-இல் தம்பிக்கு வயது 24. முசிறிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவுடன் இருந்தான். பி.காம். முடித்து ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். முதலில் தூக்கம் போயிற்று. பிறகு, யாரோ தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதாகச் சொன்னான். பிறகு குளிப்பதையும் கடைக்குப் போவதையும் விட்டான். நான் டில்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மாவிடமிருந்து கடிதம் வரும். "தம்பிக்கு யாரோ செய்வினை வச்சிட்டாங்கய்யா" என்று எழுதியிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவருக்கு ஆனால் முதலில் போகும் இடம் குணசீலம் பெருமாள் கோயில்தான். அம்மாவும் போனாள். ஒரு மண்டலம், 48 நாள், அவனோடு அங்கேயே தங்கினாள். முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். மற்ற நேரமெல்லாம் பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த 48 நாளும் அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை, அம்மாவுக்கும் பேச்சுத் துணை கிடைத்தது. ஆனால் அவன் காதில் கேட்ட குரல் மட்டும் போகவில்லை.

உறவினர் ஒருவர் ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். "அங்கெல்லாம் சங்கிலி போட்டுடுவாங்களாமே. எம்புள்ளைய யாரும் கட்டிப் போட வேண்டாம்" என்று அம்மா மறுத்துவிட்டாள். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலை, அந்த ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். மறுநாள் ஊருக்குப் போன் செய்தேன். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி சாப்பிட்டுட்டு இங்கதான் தூங்குறான்" என்று மட்டும் சொன்னாள்.

திட்டம் எப்படி வந்தது?

மேலை நாடுகளில் இந்தச் சீர்திருத்தத்தின் கதை வேறு. அங்கே ஆயிரக்கணக்கானோர் மனநோய் மருத்துவமனைகளில் வருடக்கணக்காக அடைந்து கிடந்தார்கள். இத்தாலி 1978-இல் ஒரு சட்டம் போட்டு அத்தகைய மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடத் தொடங்கியது. அங்கெல்லாம் எழுந்த கேள்வி, 'உள்ளே இருப்பவர்களை வெளியே எப்படிக் கொண்டுவருவது?' என்பது.

நம் நாட்டிலோ உள்ளே இருந்தவர்களே சிலர்தான். 1946-இல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது நாடு முழுவதற்கும் சுமார் 10,000 படுக்கைகளே இருந்தன. ஆகவே நோயாளிகளில் பெரும்பாலோர் எப்போதும் வீட்டில்தான் இருந்தார்கள். அம்மாதான் நர்ஸ், அண்ணன்தான் காவல்காரன். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் இதையே ஒரு பலமாக மாற்றினார். வளாகத்தில் கூடாரங்கள் அடித்துக் குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்து, அவர்களுக்கும் நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்.

1970-களின் நடுவில் இரண்டு பரிசோதனைகள் நடந்தன. பெங்களூர் நிம்ஹான்ஸ், சகலவாரா கிராமத்தில் ஒன்றை நடத்தியது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனம், ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில் மற்றொன்றை நடத்தியது. சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தால், சில அடிப்படை மருந்துகளைக் கொண்டே பெரும்பாலானவர்களைக் கிராமத்திலேயே கவனிக்க முடியும் என்று அவை காட்டின. அதன் பேரில் 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1985 முதல் 1990 வரை அதை ஒரு மாவட்டம் முழுவதும் நடத்திப் பார்த்தார்கள். 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் என்ற பெயரில் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கினார்கள். அந்த நான்கில் ஒன்று எங்கள் திருச்சி!

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. ஊருக்குப் பக்கத்தில் முகாம் நடக்கிறது, மருந்து இலவசம் என்று சத்துணவுக்கூடத்து அம்மாள் சொல்லியிருக்கிறார். 1997-இல் அம்மா அவனைக் கூட்டிப் போனாள். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு ஒரு நாள், "அம்மா, கொஞ்சம் ரசம் ஊத்து" என்றானாம். மூன்று வருடத்தில் அவன் வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு அதுதான். அதை எனக்கு எழுதும்போது அம்மாவின் எழுத்து கோணிப் போயிருந்தது. செய்வினை என்ற வார்த்தை அதற்குப் பிறகு அவள் கடிதத்தில் வரவே இல்லை.

ஆகவே திட்டத்தை நான் நன்றியோடுதான் பார்க்கிறேன். அது இல்லையென்றால் இன்று என் தம்பி இல்லை.

டில்லி வரிசை

2003-இல் அம்மா காலமானாள். தம்பியை டில்லிக்கு அழைத்து வந்தேன். கையில் பழைய சீட்டு, ஒரு மாதத்து மாத்திரை. இங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. குறை அந்த ஒரு கட்டடத்தோடு முடிவதில்லை.

காலை ஆறு மணிக்குப் போனால் பதினொன்றுக்கு டாக்டரைப் பார்க்கலாம். பார்க்கும் நேரம் மூன்று நிமிடம். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். ஒவ்வொருவரும் இந்தியில் அதே மூன்று கேள்வி கேட்பார்: தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாரா, குரல் கேட்கிறதா? தம்பிக்கு இந்தி தெரியாது. நான் தமிழில் கேட்பேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான். "இல்ல" என்பான். நான் "நஹீன்" என்பேன். மாத்திரை அப்படியே தொடரும்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் அங்கே புதிதாக வந்திருந்த மலையாள நர்ஸ் ஒருவர், நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளியில் இருங்கோ" என்று என்னை அனுப்பிவிட்டார். தம்பியோடு தமிழும் மலையாளமும் கலந்து அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். குரல் ஒரு நாளும் நிற்கவில்லையாம். அந்தக் குரல் சொல்வது, "உன் அண்ணன் சோற்றில் விஷம் வைக்கிறான்" என்பதாம்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக, யாரைப் பற்றி அவனுக்குப் பயமோ அவனையே மொழிபெயர்ப்பாளனாகப் பக்கத்தில் நிறுத்தி, "சொல்லுடா, சொல்லுடா" என்று கேட்டிருக்கிறோம்! எந்தத் தம்பி சொல்வான்? அன்றே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றினார்கள். மூன்று மாதத்தில் அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். "அண்ணி, இன்னும் ஒரு தோசை" என்று கேட்டான்.

அந்த நர்ஸ் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் செய்த அந்த அரை மணி நேர வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. அன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சீட்டு எழுதினார்கள் என்பதுதான் ஏறியிருக்கும்.

யாரும் தேடவில்லை

2009-இல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லை. "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். முதல் மாதம் வாங்கினேன். இரண்டாவது மாதம் எனக்கு வெளியூர் வேலை. மனைவிக்கு மகளின் பரீட்சைக் கவலை. "எனக்குத்தான் சரியாயிடுச்சே அண்ணி" என்று தம்பி சொல்ல, அவளும் விட்டுவிட்டாள். தப்பு எங்களுடையதும்தான், மறைக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை அவன் படுக்கையில் இல்லை. நான்கு நாள் தேடினோம். ஐந்தாம் நாள் நிஜாமுதீன் ஸ்டேஷனில் இருந்து ரயில்வே போலீசார் போன் செய்தார்கள். தெற்கே போகும் வண்டிகள் நிற்கும் பிளாட்பாரத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தானாம். ஒரு போர்ட்டர் அவனுக்கு டீயும் ரொட்டியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சட்டைப் பையில் அம்மாவின் பழைய கடிதம் இருந்தது. அதில் இருந்த திருச்சி முகவரியைத்தான் எல்லோரிடமும் காட்டியிருக்கிறான்.

அந்த இரண்டு மாதமும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரும், "ஏன் வரவில்லை?" என்று கேட்கவில்லை. எங்கள் முகவரியும் போன் நம்பரும் அவர்களிடம் இருந்தன. வருகிறவர்களைப் பார்க்கத்தான் ஏற்பாடு இருந்ததே தவிர, வராதவர்களைத் தேட யாரும் இல்லை. ஆனால் இந்த நோயில் வராதவர்தான் ஆபத்தில் இருப்பவர். சர்க்கரை வியாதிக்காரர் தனக்கு வியாதி உண்டு என்று நம்புவார். என் தம்பிக்கு நோய் முற்றும்போது முதலில் போவது அந்த நம்பிக்கைதான்.

தரம் என்றால் என்ன?

மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களிலிருந்து வளர்ந்து, இப்போது 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சந்தோஷமான செய்திதான். ஆனால் நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோய்க்கு ஏற்ப 100-க்கு 70 முதல் 92 பேர் வரை! மனநல டாக்டர்களோ லட்சம் பேருக்கு ஒருவர் கூட இல்லை. மாவட்டக் குழு என்றால் ஒரு மனநல டாக்டர், ஒரு உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு நர்ஸ் எல்லாம் இருக்க வேண்டும். பல இடங்களில் பலகை இருக்கிறது, நாற்காலி காலியாக இருக்கிறது.

மாவட்டங்களை எண்ணுவதால் தரம் தெரியாது. வரிசையில் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவுகோல் நான்கே நான்கு. மருந்து ஒரு மாதம் கூடத் தவறாமல் கிடைக்கிறதா? ஒரே மனிதர் ஆறு மாதமாவது தொடர்ந்து பார்க்கிறாரா? நோயாளி தன் மொழியில், தனியாகப் பேச முடிகிறதா? அவர் வராவிட்டால் யாராவது தேடி வருகிறார்களா?

இந்த நான்கில் எதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை. நான்கும் மனிதர்களைச் சார்ந்தவை. அதனால்தான் எளிதில் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

2017-இல் வந்து 2018 மே மாதம் அமலான மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றி நம் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறுவது இப்போது உரிமை, தயவல்ல. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார மையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சிகிச்சையைப் பற்றி நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். வெளிமாநிலத் தமிழர்களான நமக்கு இது முக்கியம். யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. தனக்காகப் பேச ஒருவரை நோயாளியே முன்கூட்டி நியமித்துக்கொள்ளலாம். மற்ற நோய்களுக்கு எப்படியோ, அப்படியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் வசதி செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தங்குமிடங்களையும் சட்டம் வாக்களிக்கிறது. வாக்களித்ததெல்லாம் வந்துவிடவில்லை, ஆனால் கேட்பதற்கு ஒரு காகிதம் கையில் இருக்கிறது.

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க வெட்கப்படாதீர்கள். நம்மில் பலர் மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள். சம்பாதிக்க இயலாத மனநோய் கொண்ட மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. தகுதியுள்ள வேறு வாரிசு இல்லாதபோது, நம்மையே சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளித் தம்பி, தங்கைக்கும் அது கிடைக்கும். நாம் உயிரோடு இருக்கும்போதே பெயரை அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.

2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி வசதியும் இருக்கிறது. எண் 14416. பல மொழிகள் உண்டு, தமிழும் உண்டு. ஒரு நாள் இரவு நான் ஊரில் இல்லாதபோது தம்பி தூங்காமல் நடந்துகொண்டே இருக்க, என் மனைவி அந்த எண்ணைக் கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. தம்பியும் பேசினான். போனில் மாத்திரை வராது, வாஸ்தவம். ஆனால் அந்த இரவைக் கடக்க அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் பிறகு?

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தம்பிக்கு ஐம்பத்தைந்து வயது. காலையில் பால் வாங்கி வருகிறான், மாலையில் மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறான். குரல் இன்னும் எப்போதாவது கேட்குமாம். "அது பாட்டுக்குப் பேசும்ண்ணே, நான் கண்டுக்கறதில்லை" என்கிறான். போன மாதம் என் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீ தவறாம சாப்பிடு. நீ போயிட்டா என்னை யாரு கூட்டிட்டுப் போவா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அரசாங்கம் வைத்தியத்தை வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே வர ஆள் வேண்டும். ஊரில் இருந்தால் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீடு என்று நாலு பேர் இருப்பார்கள். இங்கே நமக்கு அந்த நாலு பேர் நம் சங்கம்தான்.

ஆகவே ஒரு சிறிய வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தகைய நோயாளிகள் இருக்கும் குடும்பங்கள் சங்கத்தில் ஒரு அறையில் கூடட்டும். இந்தி தெரிந்த நம் பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டாருக்குப் பதிலாக நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் மொழிபெயர்க்கட்டும். யார் யாருக்கு எந்தத் தேதியில் மருந்து வாங்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். தேதி தவறினால் ஒருவர் போய்க் கதவைத் தட்டட்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் சில கோப்பைக் காபியும்தான்.

அந்த நோட்டில் முதல் பெயராக என் தம்பி பெயரை எழுதிக்கொள்ளுங்கள். "உங்க தம்பி இப்ப எங்கே இருக்கார்?" என்று அடுத்த பொங்கல் விழாவில் யாராவது கேட்டால், பக்கத்து நாற்காலியைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.